முதுகு காட்டி நின்றவள்

இரண்டு வருடங்களாக ஒரு தொலைக்காட்சித் தொடரின் நாயகிக்கு நான்தான் குரல். வேற்று மொழியில் எடுத்த தொடர். தமிழில் நாங்கள் பேசுகிறோம். அவளுடைய கணவனுக்குக் குரல் கொடுப்பவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். "மைக் முன்னாடி என்னங்க, தள்ளி வந்தா அண்ணா. நல்ல குடும்பம்மா இது" என்பார் அவர்.

அன்றைய காட்சியில் அவளுடைய ரகசியம் உடைந்துவிட்டது. கணவனுக்குத் தெரியாமல் மாலை வேளைகளில் ஒரு பழைய நண்பனோடு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசிச் சிரித்திருக்கிறாள். கணவன் கத்தி ஓய்கிறான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். மூலத்தில் அந்த இடத்தில் அவளுக்குப் பேச்சே இல்லை. ஆனால் முதுகு தெரிந்தால் எங்கள் தொழிலில் கொண்டாட்டம். உதடு தெரியாது, எதையும் பேச வைக்கலாம்.

டப்பிங் டைரக்டர் புதிதாக எழுதிய வசனத்தை நீட்டினார். 'உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேன். கால்ல விழறேன், மன்னிச்சிடுங்க.'

"இது எதுக்கு சார்?"

"சேனல்ல கேக்குறாங்க. கள்ளத்தொடர்பை நியாயப்படுத்துறோம்னு பாக்குறவங்க கொதிக்கிறாங்களாம்."

"என்ன கள்ளத்தொடர்பு? விரல்கூடப் படலையே சார்" என்றார் அண்ணா.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுக்காரி குறுக்கிட்டாள். "பட்டிருந்தாக்கூட விட்டுடலாம் அண்ணா, ஏதோ ஒரு நாள் புத்தி கெட்டுப்போச்சுன்னு. இவ அங்க போய்ச் சிரிச்சுட்டு வந்து வீட்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கறா பாருங்க, அதுதான் துரோகம்."

"அப்படிப் பாத்தா என் பொண்டாட்டி தினமும் துரோகம் பண்றா. அவ அக்கா ஃபோன் பண்ணினாத்தான் பல்லே தெரியும்" என்றார் அண்ணா.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சிரித்த வாய் மூடுவதற்குள் எனக்குள் ஏதோ இடறியது. இந்த அறையில் நான் சிரிக்கிற அளவுக்கு வீட்டில் சிரிப்பதில்லை. என் கணவர் நல்லவர். இங்கே நடந்த கூத்தையெல்லாம் போய் அவரிடம் சொல்வேன், அவரும் தலையாட்டிக் கேட்பார். ஆனால் சிரிப்பு இங்கேயே முடிந்திருக்கும். அதற்காக நான் யார் காலில் விழ வேண்டும்? அவள் செய்ததற்கும் நான் செய்வதற்கும் நடுவில் இருப்பது ஒன்றுதான்: நான் சொல்கிறேன், அவள் சொல்லவில்லை.

"இதைப் பேச மாட்டேன் சார்."

"விளையாடாதீங்க மேடம். வேற குரல் கூப்பிடவா?"

கூப்பிடுவார், செய்யக்கூடியவர்தான். அவளை யாரோ ஒருத்தியின் குரலில் கெஞ்ச வைப்பார்கள்.

"கூப்பிடறதுக்கு முன்னாடி ஒரு டேக் எடுங்க. அவளைப் பேச வைக்கணும், அவ்வளவுதானே? பேச வைக்கிறேன்."

அவர் சரி என்பதுபோல் கையைக் காட்டினார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அந்த முதுகு வந்தது; தோள்கள் குறுகவே இல்லை. இத்தனை நாள் அதை நான் கவனித்ததில்லையே என்று நினைத்துக்கொண்டே பேசினேன்.

"உங்ககிட்ட மறைச்சேன். அது தப்பு, அதுக்கு மன்னிப்பு கேக்கறேன். சிரிச்சதுக்குக் கேக்க மாட்டேன்."

அடுத்தது அண்ணாவுக்குப் புதிதாக எழுதியிருந்த வசனம்: 'இந்த ஒரு தடவை மன்னிச்சேன்.' அவர் வாயைத் திறக்கவில்லை. திரையில் கணவன் வெளியேறிக் கதவைச் சாத்தினான்.

"நீங்க ஏன் பேசலை?" என்றார் டைரக்டர்.

"இதுக்கு மேல நான் என்ன சார் பேசறது? கதவுச் சத்தம் போதும்."

ஒலிப்பதிவுக்காரி கேட்காமலே மறுபடி ஓட்டினாள். என் குரல் நடுங்கியிருக்கும் என்று பயந்திருந்தேன், நடுங்கவில்லை. "எனக்கு இன்னும் அவ மேல கோபம்தான் அக்கா. ஆனா இவ கால்ல விழற ஆள் இல்ல" என்றாள்.

டைரக்டர் நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டு பேரும் சேந்து என்னை மாட்டி விடறீங்க. சேனல்ல கேட்டா யாரு மாத்தினாங்கன்னு சொல்றது?"

நாயகியின் பெயர் ஊருக்கே தெரியும். எங்கள் பெயர்கள் திரையில் ஓடுவதே இல்லை. ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, என் முழுப் பெயரையும் அவருக்குச் சொன்னேன். எழுதிக்கொள்ளட்டும் என்று நிறுத்தி, நிதானமாக.