எந்த ‘யா’?

புதிதாக வந்த உதவியாளரை நெலிடாவுக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. உதவியாளர் என்றால் ஆள் இல்லை, மென்பொருள். லிமாவின் அந்தச் சின்ன மென்பொருள் நிறுவனத்தில் யார் எதைச் செய்கிறார்கள், எது எப்போது முடியும் என்று விரட்டி விரட்டிக் கேட்பதுதான் இத்தனை வருடமாக அவள் உத்தியோகம். இப்போது அதே கேள்வியை அது கேட்கிறது, அலுக்காமல், சிரிக்கிற பொம்மை ஒன்றையும் ஒட்டி. எல்லாம் உன் பாரத்தைக் குறைக்கத்தான் என்றார் முதலாளி, இன்ஜினியர் உகார்த்தே. பாரத்தைக் குறைக்கிறவர் எதற்காக அவள் நடத்தும் கூட்டத்தையெல்லாம் பதிவு செய்து அதற்குப் போட்டுக் காட்ட வேண்டும்? கேட்டால் வம்பு.

புதன்கிழமை அது, மருத்துவமனை ஒன்றுக்கான முன்பதிவுச் செயலி வேலை முழுக்க முடிந்துவிட்டது என்று பச்சை காட்டியது. வெள்ளிக்கிழமை திறப்பு. அந்த வேலை ஓஸ்வால்டோவுடையது. அவனாவது, சொன்ன நாளில் முடிப்பதாவது! அவனும் அந்தச் சனியனும் கூட்டோ என்றுகூடத் தோன்றியது. எலுமிச்சையில் ஊறிய செவிச்சே மீனைத் தின்றுகொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

“டேய், முடிச்சிட்டேன்னு அதுகிட்ட சொன்னியா?”

“நான் எங்கக்கா சொன்னேன்? முடிச்சிடுறீங்களான்னு கேட்டுச்சு, ‘யா’ன்னு போட்டேன். நீங்க கேட்டாலும் அதானே சொல்லுவேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கேயோ வேறு நாட்டு ஸ்பானியத்தைப் படித்துவிட்டு வந்தது, ‘யா’ என்றால் ஆயிற்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. லிமாக்காரன் வாயில் அது வெறும் ‘சரி’. நீ சொன்னது காதில் விழுந்தது, அவ்வளவுதான். இழுத்துச் சொன்னால் உன்னை நம்பவில்லை. முகம் பார்க்காமல் இரண்டு தடவை சொன்னால் அந்தக் காரியத்தை நீ மறந்துவிடலாம்.

பேசாமல் இருந்தால் வெள்ளிக்கிழமை அதன் வண்டவாளம் தண்டவாளம் ஏறும், அவள் நாற்காலியும் நிலைக்கும். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் முன்பதிவை நம்பி விடியற்காலையில் வந்து நிற்கப்போகிற நோயாளிகளை நினைத்ததும் மனசு கேட்கவில்லை. முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

உகார்த்தே அசந்துபோனார். திறப்பைத் தள்ளிவைத்தார். அதோடு விட்டாரா? இந்த ‘யா’ சமாசாரம் முழுவதையும், யார் யார் எப்படி நழுவுவார்கள் என்பது உட்பட, உதவியாளருக்குச் சொல்லிக்கொடுத்துவிடு என்றார். தன் வேலையை அதற்குக் கொடுக்கத்தான் பார்க்கிறார் என்று அவள் சந்தேகப்பட்டது சரிதான்.

“இன்ஜினியரே, எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக் குடுத்துடறேன். அப்புறம் என் வேலை எனக்கு இருக்குமில்ல?”

உகார்த்தே கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல், “யா, யா” என்றார்.