தெருமுனைக்கு வந்துட்டேன்

தையல்காரியின் கடைக்குக் கறுப்புத் திரை தைக்கக் கேட்டு வந்தவன் பேருக்குத்தான் ஓவியன். தூரிகையைத் தொட்டு ஆறு வருஷம் ஆகிறதாம்.

"கண்காட்சிக்கு ஒரு இருட்டறை அக்கா. நடுவுல ஒரு பழைய கதவு. சுத்தி, வீட்டுல தினம் பேசுற பேச்சு மட்டும் கேட்கும். உங்ககிட்ட அப்படி ஏதாவது பதிவு இருக்கா?"

இருந்தது. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வரும்போது தினமும் போனில் குரல் அனுப்புவான்: "தாழ்ப்பாளை எடு குட்டி, தெருமுனைக்கு வந்துட்டேன்!" கடைசி வார்த்தையை ஒரு இழு இழுப்பான். நாலு வயது மகள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தாழ்ப்பாளை எடுப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் லிஃப்ட் குழிக்குள் விழுந்து செத்தான். மகளிடம் வெளியூர் வேலை என்று சொல்லி வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் மகள் பள்ளிக்கூடமே போக ஆரம்பித்துவிட்டாள். அந்தக் குரலை மட்டும் கடையில் காதில் மாட்டிக்கொண்டு தனியாகக் கேட்பாள். கூட உட்கார்ந்து கேட்க ஒரு ஜீவன் இல்லையே என்று ஏங்கிக் கிடந்தவள், ஓவியனிடம் போனை நீட்டினாள். சின்னப் பிள்ளை கண்காட்சிக்கா போகப்போகிறது?

கண்காட்சி தொடங்கிய முதல் நாள் இருட்டில் நின்று கேட்டாள். பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று.

அந்தச் சுகம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. எவனோ அதைப் பதிவு செய்து, பின்னால் மேளத்தைச் சேர்த்துப் போனில் உலவ விட்டான். ஆளாளுக்கு அதை வேடிக்கை வீடியோக்களில் ஒட்டினார்கள். சம்பளம் வந்தால் அந்தக் குரல், ஃப்ரிட்ஜைத் திறந்தால் அந்தக் குரல், கழிப்பறைக்கு ஓடுகிறவனுக்கும் அதே குரல். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. பேருந்தில் அதைக் கேட்டவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கினாள்.

நேராக ஓவியனிடம் போனாள்.

"இங்கேருந்து எடுத்துடலாம்க்கா. வெளியே போனதை நான் என்ன பண்ண? கலை தெருவுக்கு வந்துடுச்சுன்னு சந்தோஷப்படுங்க."

"தெருவுக்கு வந்தது உங்க கலை இல்ல தம்பி. எம் புருஷன்."

அவனிடம் பேசி என்ன லாபம்? மகள் காதில் விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும், இன்றைக்கே. கடையைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

மகள் தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தையல்காரி கதவைத் தாழிட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"குட்டி, அப்பா வந்து..."

மாடிப்படியில் அந்தக் குரல் கேட்டது. "தாழ்ப்பாளை எடு குட்டி, தெருமுனைக்கு வந்துட்டேன்!"

பென்சில் உருண்டது. தடுக்க அவள் எழுவதற்குள் மகள் கதவைத் திறந்து படியில் நின்றாள். மேல்வீட்டுக்காரர் போனைப் பார்த்துச் சிரித்தபடி ஏறி வந்துகொண்டிருந்தார். குழந்தையைக் கண்டதும், அதுவும் சிரிக்கட்டுமே என்று, இன்னொரு முறை போட்டுக் காட்டினார். பின்னால் மேளம் அடித்தது. மகள் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை.

அவர் மேலே போனபிறகு திரும்பினாள்.

"அப்பா எங்கேம்மா?"

"செத்துப்போயிட்டார்டி." அழுகையில் குரல் உடைந்தது. "ரெண்டு வருஷமாச்சு. நான்தான் உங்கிட்ட பொய் சொன்னேன்."

மகள் அழவில்லை. உள்ளே வந்து, முக்காலி இல்லாமலே எட்டித் தாழ்ப்பாளைப் போட்டாள்.