தபால்தலையில் வீட்டுக்காரம்மா

எழுத்தாளர்களைப் போற்றி ஓவியர் வரைந்த தபால்தலைகள் மொத்தம் பன்னிரண்டு. அவர் வாயால் சொல்லும்போது மட்டும் அது இருநூறாகிவிடும். எண்பது தாண்டிய வயதில், அந்தப் பன்னிரண்டையும் புத்தகமாக்கி வெள்ளிக்கிழமை நூலகக் கண்காட்சியில் வெளியிட்டே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அடுத்த கண்காட்சி எப்போதோ. அதுவரை நெஞ்சு ஒத்துழைக்குமா என்று கேட்டால் டாக்டரே பேச்சை மாற்றுகிறார்.

அச்சகம் மச்சானுடையது, மனைவியின் தம்பி. யாருடைய படத்தையோ கேட்காமல் போட்டு ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டவன். உரிமை யாருடையது என்று தெரியாமல் ஒரு புள்ளிகூட அச்சாகாது என்றான். வரைந்த கையே இதுதானே என்று ஓவியர் கையை அவன் மூக்குக்கு நேரே நீட்டிப் பார்த்தார். பலிக்கவில்லை. சம்பளத்துக்கு வரைந்த படம் இலாகாவின் சொத்து என்று தபால் இலாகாவும் சொல்லிவிட்டது. வெளிவந்து அறுபது வருடம் தாண்டியதால் பதினொன்று பொதுச்சொத்தாகித் தப்பித்தன. பன்னிரண்டாவதான நாவலாசிரியை அம்மையார் ஜனவரியில்தான் விடுதலையாவாராம். அதற்கு முன் அனுமதி வேண்டுமென்றால் கமிட்டி கூடவேண்டும். அது கூடுவதற்குள் கடல் வற்றி உப்பு மிஞ்சும்.

“அந்தப் பக்கத்தை வெள்ளையா விட்டுடலாம் அத்தான்,” என்றான் மச்சான்.

மற்ற பதினொன்றையும் வெள்ளையாக விடச் சொல்லியிருந்தால்கூட ஓவியர் தலையாட்டியிருப்பார். அந்த அம்மையார் தொண்டு கிழமாகும்வரை எந்தக் கேமராவுக்கும் பிடிகொடுக்காதவர். பார்த்து வரைய அவருடைய படம் ஒன்றுகூடக் கிடைக்காமல், இலாகாவும் கழுத்தில் கத்தி வைக்க, அன்று ஓவியர் கண்ணெதிரே இருந்த முகத்தை வரைந்து கொடுத்துவிட்டார். ஜன்னலோரம் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த புது மனைவியின் முகம் அது. குடும்பத்தில் யாருக்கும் தெரியாததல்ல.

அந்த மனைவி இப்போது அடுத்த அறையிலிருந்து வந்தாள்.

“நாடே என் பின்னந்தலையில எச்சில் தடவி ஒட்டிச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“வாயில ஊசியைக் கடிச்சிட்டிருந்தே. எப்படிப் பதில் சொல்லுவே?”

மச்சானுக்குப் பொறி தட்டியது. தபால்தலைதான் இலாகாவுடையது, முகம் அக்காவுடையதாயிற்றே; அக்காவைப் புதிதாகப் போட்டோ எடுத்துப் போட்டால் யார் தடுப்பது? செல்போனை நீட்டியவன், எடுத்தவனுக்கே உரிமை என்பதால் இனி அத்தான் தன்னிடம்தான் கைகட்டி நிற்கவேண்டும் என்று வம்புக்கிழுத்தான்.

“எடுத்தவங்களுக்கா உரிமை?” என்று கேட்டபடி அக்கா போனை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

ஜன்னலோரம் போய் உட்கார்ந்து தன்னைத்தானே எடுத்தாள். முதலில் விழுந்தது கூரை. பிறகு மூக்கின் பாதி. அப்புறம் ஒரு காது தனியாக. கடைசியில், தன் காதைப் பார்த்துத் தானே சிரித்த முழு முகம், சுருக்கத்தோடு சிக்கியது. அந்தச் சிரிப்பைப் பார்த்த ஓவியர், ஊன்றியிருந்த கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நேரே நிமிர்ந்து நின்று கேட்டார்.

“போட்டுக்கலாமா?”

அவள் கண்ணாடியைத் துடைத்தாள், மாட்டினாள், படத்தை இன்னொரு தரம் பார்த்தாள்.

“ம்ம். போட்டுக்கங்க.”

பன்னிரண்டாம் பக்கம் வெள்ளையாகப் போகவில்லை. ‘தபால்தலைக்கு முகம் தந்தவர், படமும் உரிமையும் அவருடையதே’ என்று அடியில் அச்சாகியிருந்தது. வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க நின்ற வரிசை, ஓவியர் கணக்குப்படி, ஊர் எல்லையைத் தொட்டது. அத்தனை பேரும் அந்தப் பக்கத்தைத்தான் திறந்து நீட்டினார்கள். அவள் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போக, ஓவியர் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டு பெருமையாகப் பக்கத்தில் நின்றார்.