வீட்டு ஆள் மாதிரி

எங்கள் பிரிவில் ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு வருகிறவளைப் பற்றி யாராவது "அவ எங்க வீட்டு ஆள் மாதிரி" என்று சொல்லிவிட்டால், சம்பளம் உண்டா என்று இரண்டு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை சிரித்து மழுப்புவார்கள். இரண்டாவது தடவைதான் உண்மை வெளியே வரும்.

நாட்டின் மொத்த உற்பத்தியைக் கணக்கிடும் அலுவலகம் எங்களுடையது. பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிடாதீர்கள். வீடு வீடாகப் போய் விசாரித்து வருகிறவர்கள் கொண்டுவந்து கொட்டுவதை, எது சேரும் எது சேராது என்று பிரித்துப் போடுவதுதான் என் பிழைப்பு. கடையில் குடித்த டீ சேரும். அதே டீயை வீட்டில் போட்டால் பாலும் சர்க்கரையும் சேரும், போட்டவளின் பாடு சேராது. பழைய சைக்கிளை விற்றால் அந்த விலை சேராது, நடுவில் நின்ற தரகரின் கமிஷன் சேரும். இதை ஒருநாள் பெருமையாக வீட்டில் சொல்லப்போக, "அப்ப விடிஞ்சதிலேருந்து நான் செய்யறது எதுவுமே சேராதா? நீங்களே போட்டுக் குடிங்க" என்று என் மனைவி டம்ளரை நங்கென்று வைத்தாள். விதியை எழுதியவன் நானா என்ன?

என் தங்கை சேருகிற பக்கம் இருந்தாள். எழுந்து நிற்க முடியாத ஒரு பெரியவரை அவர் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது. மாதாமாதம் சம்பளம். வந்த வரன்கள் எல்லாம் தட்டிப்போய், இனிமேல் அவ்வளவுதான் என்று நாங்கள் பேச்சையே விட்டிருந்த நேரத்தில், அந்த வீட்டு இளைய மகன் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாகச் சொல்லி அனுப்பினார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இல்லாத குடும்பம் என்பதால் நான்தான் போய்ப் பேசி முடிக்க வேண்டும்.

அலுவலகத்தில் சொன்னதும் எதிர் மேஜைக்காரர் சிரித்தார். "போச்சு. இனிமே அதே வேலையைப் பொண்டாட்டியா செய்வா. நாட்டு உற்பத்தியில ஒரு சம்பளம் அவுட்." எங்கள் தொழிலில் இது அரதப் பழசான ஜோக். நானும் சிரித்துவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனேன். இளைய மகனே கேட்டைத் திறந்து, "வாங்க மச்சான்" என்றார். இன்னும் எதுவும் முடிவாகவில்லை, அதற்குள் மச்சான். கூடத்தில் தரை பளிச்சென்று இருந்தது, ஆனால் மருந்து நெடி. பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஆள் ஆஜானுபாகு, கால்கள் மட்டும்தான் சொன்னபடி கேட்காது. பக்கத்து ஸ்டூலில், கைக்கெட்டும் இடத்தில், ஒரு பித்தளை மணி.

"உங்க தங்கச்சி எங்க வீட்டு ஆள் மாதிரிதான் தம்பி" என்றார்.

எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். நானோ உச்சி குளிர்ந்துபோய், நல்ல இடம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது ஓர் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கட்டிலில் ஒரு பெண் மல்லாந்து படுத்திருந்தாள். என்னைவிட இளையவள். கட்டில் கம்பியில் அதே மாதிரி ஒரு மணி கட்டியிருந்தது.

"அவளோட அண்ணன்தானே? முகஜாடை தெரியுது" என்றாள். "நான் இந்த வீட்டு மூத்த மருமக."

"உடம்புக்கு என்னங்க?"

"முதுகு போயிடுச்சு. மாமாவைத் தூக்கித் தூக்கி." வெயில் அதிகம் என்று சொல்கிற குரலில் சொன்னாள். "நானும் சம்பளத்துக்குத்தான் வந்தேன். அப்புறம் பெரிய மகனுக்குக் கட்டி வெச்சாங்க. அவர் வெளியூர்ல இருக்காரு, எப்பவாவது வருவாரு. இப்ப உங்க தங்கச்சிதான் எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கறா. தங்கமான பொண்ணு." கொஞ்சம் தயங்கினாள். "அவளுக்குச் சம்பளத்தை நிறுத்திட்டாங்களா?"

நேராகச் சமையலறைக்குப் போனேன். தங்கை வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள்.

"சம்பளம் வருதா உனக்கு?"

"இப்ப எதுக்குண்ணா அதெல்லாம்?" என்று சிரித்தாள்.

"சம்பளம் வருதாடி?"

அவள் அடுப்பைக் குறைத்தாள். "கல்யாணப் பேச்சு எடுத்ததிலேருந்து இல்ல. சொந்தத்துக்குள்ள என்ன சம்பளம்னு கேட்டாங்க. எனக்கும் நியாயமாத்தான் பட்டுது." பாத்திரத்தை இறக்கக் குனிந்தவள், பாதியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. தூங்கி எழுந்தா சரியாயிடும்."

கூடத்துக்குத் திரும்பி, இளைய மகனிடம் நேராகவே சொன்னேன். "கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்கல. ஆனா அப்பாவைப் பாத்துக்கச் சம்பளத்துக்கு ஒரு ஆள் போடுங்க. ஆள் வரட்டும், அப்புறம் மேற்கொண்டு பேசுவோம்."

இளைய மகன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வீட்டுல ஆள் இருக்கும்போது வெளி ஆள் எதுக்கு மச்சான்?"

"வீட்டு ஆள் ஒருத்தர் உள்ள படுத்த படுக்கையா கிடக்கறாங்களே?"

"அண்ணி ஆரம்பத்திலேருந்தே நோஞ்சான். அதனாலதான் இந்தத் தடவை பாத்துப் பாத்து எடுத்தோம். உங்க தங்கச்சிக்கு நல்ல தெம்பு." சந்தையில் மாடு வாங்கியவன் மாதிரி திருப்தியாகச் சொன்னார்.

அப்போது பெரியவர் மணியை அடித்தார். தங்கை ஓடிவந்து, அவர் அக்குளுக்குள் தோளைக் கொடுத்து, தம் பிடித்து எழுப்பினாள். அவருடைய கை அவள் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"விடு அவரை. கிளம்பு, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஏன் கூப்பிடுகிறேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கண்ணில் வருகிறேன் என்றுதான் இருந்தது, சத்தியமாக.

"இப்ப கையை எடுத்தா விழுந்துடுவார்ணா."

அவள் முழங்கால்கள் வெடவெடத்தன. இளைய மகன் தன் நாற்காலியை விட்டு அசையவில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மறுபக்கம் ஓடிப்போய் என் தோளைக் கொடுத்தேன். அப்பா, என்ன கனம்! என் இடுப்பில் சுருக்கென்று ஏதோ பிடித்தது. பெரியவர் நிதானமாக இன்னொரு கையை என் கழுத்தில் போட்டு இறுக்கிக்கொண்டார்.

"பாத்தீங்களாப்பா" என்றார் இளைய மகன், மனசு நிறைந்து. "மச்சானும் நம்ம வீட்டு ஆள் மாதிரி ஆயிட்டாரு."

பின்னறையில் மணி அடித்தது. மறுபடியும் அடித்தது. எங்கள் இரண்டு பேராலும் கையை எடுக்க முடியவில்லை.