பின் கேட் வரை பதினைந்து நிமிடம்

“மழையோட பந்தயம் ஓட்டி ஜெயிச்சவன் பேராக்லயே நான் ஒருத்தன்தான்,” என்றார் பத்துமலை. “முன்பக்கம் சட்ட காஞ்சு கெடந்துச்சு. பையில இருந்த தீப்பெட்டி ஒரே உரசல்ல பத்திக்கிச்சு. முதுகுல மீன் வளக்கலாம், அவ்வளவு தண்ணி.”

டொமினிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்சக்கரத்தைத் தரையில் கிடத்தி, முழங்காலால் அழுத்திக்கொண்டு, இரண்டு இரும்புப் பட்டைகளால் பழைய டயரை ரிம்மிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தான். மலேசியாவின் ஈப்போ நகரில் டயர் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாக அவன் கேட்காத பொய் இல்லை.

“போன வாரம் சொன்னப்ப மீனு இல்லியே, அண்ணே.”

“போன வாரம் நீ டீ வாங்கித் தரல. அதான் சுருக்கமா சொன்னேன்.”

டயர் கழன்று விழுந்தது. அதன் பக்கச்சுவரில் பாளம் பாளமாக வெடிப்பு. டொமினிக் அழுக்கைத் துணியால் துடைத்து, அங்கே பொறித்திருந்த நான்கு எண்களைக் காட்டினான். “இங்க பாருங்க. ரெண்டாயிரத்து ஒம்பதுல செஞ்சது. பையனா இருந்தா இந்நேரம் படிப்ப முடிச்சிட்டு வேல தேடுவான்.”

“நானும் வேலதான் தேடுறேன். ரெண்டு பேரும் சேந்தே போறோம்.”

வண்டி ஒரு பழைய ஸ்கிராம்ப்ளர். தார் ரோட்டிலும் ஓடும், தோட்டத்துச் சேற்றிலும் ஏறும். புக்கிட் லாவான் ரப்பர் தோட்டம் விற்கப்பட்டபோது, முப்பத்தோரு வருடம் பால்வெட்டுக்காரர்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்த பத்துமலைக்கு நிர்வாகம் கைகொடுத்து, அவர் ஓட்டிக்கொண்டிருந்த அந்த வண்டியின் சாவியையும் கொடுத்தது. வீடு கேட்டவர்களுக்குக் கைகொடுத்ததோடு சரி.

அதன் பிறகு ஈப்போவில் ஓர் அடுக்குமாடி வாசலில் காவலாளியாக இருந்தார். உள்ளே வரும் ஒவ்வொரு காருக்கும் ஒரு கதை வைத்திருப்பார். ஆறு மாதத்துக்கு முன் அங்கே அட்டையைக் காட்டினால் தானாகத் திறக்கும் தடுப்புக்கம்பி வந்தது. கம்பிக்குக் கதை தெரியாது என்பதை யாரும் குறையாகச் சொல்லவில்லை. இப்போது சில நாள்களில் காலையிலிருந்து மாலைவரை அவர் வாயிலிருந்து வரும் ஒரே சொல், வாசலில் படுத்திருக்கும் பூனையிடம் சொல்லும் “தள்ளு”தான்.

அவர் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டையும் உரிமையாளர் விற்றுவிட்டார். மாதக் கடைசிக்குள் காலி செய்யவேண்டும். ஜொகூரிலிருந்து மகள் கலாதேவி, “இங்க வந்துருங்கப்பா, ஹால்ல படுத்துக்கலாம்,” என்றாள். அதைச் சொல்வதற்கு முன் போனில் ஒரு சிறிய மௌனம் இருந்தது. பத்துமலை அந்த மௌனத்துக்குத்தான் பதில் சொன்னார்: “எனக்கு இங்க ஒரு வேல வருதும்மா. ரூமோட.”

வேலை வருவதாக இருந்தது உண்மை. புக்கிட் லாவான் இப்போது எண்ணெய்க்காகப் பழக்குலை வெட்டும் செம்பனைத் தோட்டம். குலை திருட்டைப் பார்க்க ரோந்துக் காவலாளி வேண்டும். சொந்த மோட்டார் வேண்டும். ரோட் டாக்ஸ் உயிரோடு இருக்கவேண்டும். தங்குவதற்குப் பின் கேட் பக்கத்தில் ஒரு அறை. மேற்பார்வையாளர் தர்மேந்திரன் போனிலேயே கணக்காகச் சொல்லியிருந்தான்: திங்கட்கிழமை மதியம் முன் கேட்டிலிருந்து குன்றைத் தாண்டிப் பின் கேட் வரை ஆறு கிலோமீட்டர். பதினைந்து நிமிடத்தில் வந்துவிட்டால் வேலை.

ஆகவே இரண்டு வாரமாக வண்டிக்கு வைத்தியம் நடந்தது. கார்புரேட்டரைக் கழற்றிப் பல் துலக்கும் பிரஷால் கழுவினார்கள். முன் போர்க்கில் எண்ணெய் கசிந்த ரப்பர் வளையத்தை மாற்றினார்கள். பிரேக் கட்டை, செயின், பிளக் எல்லாம் புதிது. டொமினிக் ஸ்பேனரால் ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டான். இறுகியது ‘டிங்’ என்றது, தளர்ந்தது ‘டொக்’ என்றது. பதினொன்று ‘டொக்’.

கடைசியில் டயர். டொமினிக் மூன்று ஜோடிகளைச் சுவரில் சாய்த்து வைத்தான். பத்துமலை நேராகப் போய், சேற்றுக்கான, பெரிய ரப்பர்க் கட்டைகள் துருத்திய டயரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“இதான்.”

“அது வேணாம், அண்ணே. கோப்பெங் தாண்டி நாப்பது கிலோமீட்டர் தார் ரோடு. மழையில ஒரு கோனர்ல திரும்பினா கட்ட வளைஞ்சு வழுக்கிரும். மழைய ஜெயிச்சவருன்னு ரோட்டுக்கு எப்பிடித் தெரியும்?”

“உள்ளாற செம்மண்ணுடா. எல உதுந்து மெத்த மாதிரி கெடக்கும், அதுக்கு அடியில சேறு.”

“எல ரப்பருக்குத்தான் உதுரும். இப்ப செம்பன. அங்க கெடக்குறது மட்ட. அதுல முள்ளு இருக்குலா, ஊசி மாதிரி. உங்க கட்டைக்கு நடுவுல புகுந்து டியூப்பத் தேடும்.” நடுவில் இருந்த ஜோடியைத் தட்டினான். “இது பாதி ரோடு, பாதி காடு. முன்னுக்கு இருபத்தொண்ணு இஞ்சி, பின்னுக்குப் பதினெட்டு. உள்ள தடிச்ச டியூப் போட்டுத் தாரேன்.”

பத்துமலை கட்டைகளின் இடைவெளியில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். “பாதி ரோடு, பாதி காடு,” என்றார் கடைசியில். “சரி, போடு. எனக்கும் அதான் வயசு.”

திங்கட்கிழமை டொமினிக் கடையை அடைத்துவிட்டுத் தன் பிக்கப்பில் ஒரு டியூபும் காற்றுப் பம்பும் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான். “வண்டி போய்ச் சேருதான்னு பாக்கணும்லா,” என்றான். புதிய டயரின் வழுக்கும் மெழுகு போக, முதல் இருபது கிலோமீட்டர் பத்துமலை மணப்பெண் மாதிரி ஓட்டினார்.

முன் கேட்டில் தர்மேந்திரன் நின்றிருந்தான். முப்பது வயது இருக்கும். ரோட் டாக்ஸைப் பார்த்தான், டயரைக் காலால் உதைத்துப் பார்த்தான், கைப்பேசியில் நேரத்தை அழுத்தினான். “நாங்க ரோட்டு வழியா பின் கேட்டுக்குப் போயிடுறோம். போங்க, அங்கிள்.”

பத்துமலைக்குத் தெரிந்த ஒரு மரம்கூட அங்கே இல்லை. தொழிலாளர் குடியிருப்பான லயம் இருந்த இடத்தில் உர மூட்டைகள். அவரும் மனைவி முத்தம்மாவும் குடியிருந்த வீட்டின் வாசலைக் கண்ணால் தேடினார். எல்லா வரிசையும் ஒரே வரிசையாக இருந்தது. ஆனால் பாதை மாறவில்லை. எங்கே வளையும், எங்கே கல் துருத்தும், எங்கே கியரைக் குறைக்கவேண்டும் என்பதைக் கைகள் சொல்லிக்கொண்டு போயின. மட்டைக் குவியலை விட்டு விலகி, டயர் செம்மண்ணைக் கவ்வி ஏறியது.

குன்றின் உச்சியில் அவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. லோரியிலிருந்து சரளைக் கற்களைக் கொட்டுவதுபோன்ற சத்தம். திரும்பிப் பார்த்தார். மேற்கே மலையைக் காணவில்லை. வெள்ளைச் சுவர் ஒன்று செம்பனை வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. அதற்குள் ஒரு மின்னல், உடனே இடி.

பத்துமலை முடுக்கினார். அவர் கட்டைவிரல் ஹார்ன்மேல் போய் உட்கார்ந்தது. மூன்று நீளம், ஒரு குட்டை. மூன்று நீளம், ஒரு குட்டை. ரப்பர் காலத்தில் அந்தச் சத்தம் கேட்டால் பால் வெட்டுகிறவர்கள் எந்த மர நிறையில் இருந்தாலும் வாளியோடு ஓடுவார்கள். மழை, மரத்தில் கட்டிய பால் மங்குக்குள் இறங்கிவிட்டால் பாலும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு. மண்டோரின் வேலையில் பாதி, மழைக்கு முன்னால் போய்ச் சேர்வதுதான்.

வரிசைகளுக்குள்ளிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். முப்பதடி அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு அந்த ஹார்னின் பொருள் தெரியாது. ஆனால் ஒரு கிழவர் வானத்தைக் காட்டிக்கொண்டு, “ஹுஜான்! ஹுஜான்!” என்று மலாயில் கத்தியபடி பறந்தால், அதற்கு அகராதி வேண்டியதில்லை. கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்டுப்பாதை வழியாகப் பின் கேட்டுத் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள்.

அவர் கொட்டகைக்குள் வண்டியோடு நுழைந்தபோது முதல் பெருந்துளிகள் அவர் முதுகில் அறைந்து தொப்பலாக நனைத்தன. அடுத்த நொடி தகரத்தின்மேல் வானம் இடிந்து விழுந்தது. டொமினிக் தர்மேந்திரனின் கைப்பேசியை எட்டிப் பார்த்துக் கத்தினான்: “பதிமூணு! அண்ணே, பதிமூணு நிமிஷம்!”

பத்துமலை சிரித்துக்கொண்டே இறங்கினார். பின் டயரில் மூன்று முட்கள் குத்தி நின்றன, காற்று இறங்கவில்லை.

தர்மேந்திரன் டயரைப் பார்க்கவில்லை. கொட்டகைக்குள் மூச்சிரைத்து நின்ற பதினெட்டுப் பேரை எண்ணிக்கொண்டிருந்தான்.

“யாரு இவங்கள வேலைய நிறுத்தச் சொன்னா?”

“மழ வருது, தம்பி. பாலு கெட்டு...” என்று தொடங்கிய பத்துமலை நிறுத்திக்கொண்டார்.

“என்னா பாலு? இது செம்பன, அங்கிள். குல நனைஞ்சா கெட்டா போயிடும்? நாலு மணிக்கு மில்லு லோரி வருது. பாதி லோடுகூட ஏறல.”

“இடி இடிக்குது, பாஸ்,” என்றான் டொமினிக். “அலுமினியக் கம்பு. மழ விடட்டும், பத்து நிமிஷம்.”

“நீங்க டயர்காரரு. டயரப் பாருங்க.” தர்மேந்திரன் பத்துமலையின் பக்கம் திரும்பினான். குரலை உயர்த்தவில்லை. “நேரம் ஓகே, அங்கிள். வண்டியும் ஓகே. ஆனா எனக்குக் காவலுக்குத்தான் ஆளு வேணும், வேலைய நிறுத்துறதுக்கு இல்ல. நீங்க வீட்டுக்குப் போங்க.”

“இனிமே ஹார்னே அடிக்கமாட்டேன், தம்பி. ஒயரப் பிடுங்கிடுறேன். இப்பவே.”

அவர் குனிந்து ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். தர்மேந்திரன் அதற்குள் ஆட்களை நோக்கிக் கைதட்டிவிட்டான். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவன் கம்பை எடுத்தான், மற்றவர்களும் எடுத்தார்கள். பதினெட்டுக் கம்புகள் மழைக்குள் நுழைந்து, வரிசைகளுக்கிடையில் ஒவ்வொன்றாகச் செங்குத்தாக உயர்ந்தன. மின்னலில் ஒரு முறை எல்லாம் சேர்ந்து வெள்ளையாகத் தெரிந்தன. தர்மேந்திரன் ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

பத்துமலை ஹார்ன் ஒயரைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

டொமினிக் பக்கத்தில் வந்தான். கிரீஸ் படிந்த கையை அவர் முதுகில் வைத்தான். சட்டை பிழியும் ஈரம். அதே கையை முன்னால் கொண்டுவந்து நெஞ்சில் வைத்தான். அங்கே சட்டை காய்ந்து கிடந்தது.

“நடந்துருக்கு, அண்ணே,” என்றான். “நீங்க சொன்ன பந்தயம் நடந்துதான் இருக்கு.”