மடக்கு சாரின் கழுத்துப் பை

எங்கள் கட்டடத்துக்கு வரும் கூரியர்காரர் மாடிப்படி ஏறமாட்டார். மூட்டு வலியாம். வயது இருபத்தெட்டு. அதனால் யாருக்கு எந்தப் பார்சல் வந்தாலும் படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற என் ஜெராக்ஸ் கடையில்தான் இறங்கும். அடுத்த வீட்டு விஷயத்தைத் துருவுகிற பழக்கம் எனக்கில்லை. ஆனால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் படத்தோடு அச்சடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டா உட்கார முடியும்?

இரண்டாம் மாடிக்கு வந்த பெட்டிகளை வைத்தே தனியாக ஒரு கடை போட்டிருக்கலாம். மடக்கினால் உள்ளங்கையில் அடங்கும் கெட்டில். மடக்குக் குடை, மடக்குச் செருப்பு, மடக்கு டம்ளர். ஊதினால் தலையணை, ஊதாவிட்டால் கைக்குட்டை. எந்த நாட்டுச் சுவரிலும் சொருகலாம் என்று சத்தியம் செய்கிற அடாப்டர். வாங்கிக் குவித்தவருக்குத் தெரு வைத்த பெயர் மடக்கு சார். நேரில் வெறும் சார்தான். முன்பாதி அவர் படியேறி முடித்த பிறகு.

மருந்துக் கிடங்கில் முப்பத்தோரு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். அலமாரியில் ஒரு சாண் இடம் சும்மா கிடந்தால் அவருக்கு அரிக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அடுக்க அட்டைப்பெட்டி இல்லாமல் போனது. கை சும்மா இருக்குமா? அதுவரை மனிதர் போன அதிகபட்சப் பயணம், மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு மூன்று மணி நேரம் பஸ்ஸில். அதற்கே கழுத்துத் தலையணையோடு போய் இறங்கி, மணமேடையில் நிற்கும்போதும் கழற்றாமல் போட்டோவில் விழுந்தவர்.

அவர் மனைவியைத் தையல் அக்கா என்போம். மூன்று பள்ளிகளுக்குச் சீருடை தைக்கிறவர். அக்கா தைத்த எந்தச் சட்டையைப் பிரித்தாலும் உள்மடிப்பில் இரண்டு விரல் துணி சுருட்டி வைத்திருப்பார். பிள்ளை வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். "வெட்டிட்டா அப்புறம் கேட்டாலும் வராதும்மா" என்பார். அந்த வீட்டில் ஒருவர் துணியை உள்ளே விட்டுத் தைப்பார், ஒருவர் கண்ணில் பட்டதையெல்லாம் மடக்குவார். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே மகள் வெளிநாட்டில். முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனபோது இங்கே பள்ளி திறக்கும் நேரம், நானூறு சீருடை பாக்கி. அக்காவால் போக முடியவில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அடுத்து வந்த ஜூன் மாதங்களில் பாதி ஆர்டர்தான் எடுத்தார். அதிலிருந்து நானே புரிந்துகொண்டேன்.

மகள் இரண்டாம் முறை உண்டாகிப் போன் செய்தபோது, ரவிக்கைக்கு அளவு கொடுக்க நான் அங்கேதான் இருந்தேன். முக்கால் மணி நேரமாக. அக்காவின் கை எப்போதும் மெஷினில் இருப்பதால் போன் எப்போதும் ஸ்பீக்கரில்.

"அம்மா, இந்தத் தடவை நீ பக்கத்துல இருக்கணும். எனக்கு வேற யாரும் வேணாம்."

"வந்துருவேன்டி. முதல் வலி எடுக்கறதுக்கு முன்னாடி நான் அங்க இருப்பேன்."

உள்ளறையிலிருந்து சார் குரல் கொடுத்தார். "நான் இல்லாம நீ எப்படிப் போவே? ஏர்போர்ட்ல எந்தப் பக்கம் திரும்பணும்னு தெரியுமா உனக்கு?"

அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்க என் நாக்கு துடித்தது. ரவிக்கை தைத்து வரவேண்டும், அடக்கிக்கொண்டேன்.

இரண்டு விசா, இரண்டு டிக்கெட். ஒரு மாதம் முன்பே மூட்டை கட்டும் வேலை தொடங்கிவிட்டது. கையில் எடுத்துப்போகும் பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாதாம். சார் ஒரு தொங்கு தராசு வாங்கி, பையைக் கொக்கியில் மாட்டி, மாட்டிறைச்சிக் கடைக்காரர் போலத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். அக்கா பேரப்பிள்ளைக்கென்று பன்னிரண்டு சட்டை தைத்திருந்தார். மெத்தென்ற துணி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் வழக்கம்போல மடித்துவிட்ட துணி. சார் அவற்றைக் காற்று உறிஞ்சும் பையில் போட்டு, பம்ப்பால் உறிஞ்சி, அட்டை மாதிரி ஆக்கிவிட்டார்.

"பார்க்கவே மூச்சு முட்டுதுங்க" என்றார் அக்கா.

"துணிக்கு எதுக்குடி மூச்சு?"

கடைசியாக வந்த பார்சல் இரண்டு கழுத்துப் பைகள். பாஸ்போர்ட்டைப் போட்டு, சட்டைக்குள் மறைவாகத் தொங்கவிடுவது. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்களுக்கானது மெலிசாக, அழகாக இருக்கவேண்டும் என்று அதைச் செய்த புண்ணியவான் முடிவு செய்திருந்தான்.

புறப்படுவதற்கு முந்தின நாள் காலை சார் கடைக்கு வந்தார்.

"ஏம்மா, அந்தப் பேப்பர் வெட்டுற மெஷினைக் கொஞ்சம் கொடேன். ஓரம் தட்டணும்."

"எடுத்துக்கோங்க சார்."

தெருவில் யார் எதற்கு எலுமிச்சம்பழம் வாங்கினாலும் எதற்கு என்று கேட்கிற ஆள் நான். அன்று மட்டும் கேட்கவில்லை. அந்த நேரத்தில்தான் முதல் மாடியில் பல் டாக்டருக்கும் அவர் மாமியாருக்கும் வாக்குவாதம் உச்சத்தில் இருந்தது; என் இரண்டு காதும் அங்கே மாட்டியிருந்தன. அரை மணியில் மெஷின் திரும்பி வந்தது. கத்திக்கு அடியில் கருநீல நிறத்தில் மூன்று மெல்லிய இழைகள். விசிட்டிங் கார்டு போலிருக்கிறது என்று ஊதித் தள்ளிவிட்டேன்.

மறுநாள் ஏழு மணிக்கு டாக்ஸி. தெருவே ஜன்னலில் நின்று வழியனுப்பியது. சட்டைக்குள் மறைக்கவேண்டிய பையைச் சார் எல்லோரும் பார்க்கும்படி வெளியே தொங்கவிட்டிருந்தார்.

பதினொன்றரைக்கு அதே டாக்ஸி திரும்பியது. அக்கா மட்டும் இறங்கினார். நேரே வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் கேட்காமலே சொன்னார்.

"கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டைக் கையில வெச்சுத் தடவிப் பார்த்தா. இன்னொருத்தரைக் கூப்பிட்டா. அவர் இன்னொருத்தரைக் கூப்பிட்டார். இது சிதைஞ்ச பாஸ்போர்ட், ஏத்த முடியாதுன்னுட்டாங்க."

"எப்படிக்கா சிதைஞ்சுது?"

"மூணு பக்கமும் ஓரம் வெட்டியிருக்காரும்மா. கீழ இருக்கிற நம்பர் வரிசையில பாதி போச்சு. அந்தப் பையில நுழையலையாம்."

"பாஸ்போர்ட்டையா வெட்டினார்?"

"என்னுதை மட்டும். அவரோடது அவர் பைக்குச் சரியா இருந்துச்சாம்."

என் மேஜைமேல் இருந்த மெஷினை மெல்ல ரிஜிஸ்டர் நோட்டால் மூடினேன். "சார் எங்கேக்கா?"

"போயிட்டார்."

"எங்கே?"

"அங்கதான். ரெண்டு டிக்கெட்டும் எதுக்கு வீணாகணும், நான் போய்ப் பார்த்துக்கறேன், நீ புதுசு எடுத்துட்டு வந்து சேருன்னார்." டம்ளரைக் கீழே வைத்தார். மடியில் அந்த அட்டையான துணிப்பொட்டலம்.

"இதையாவது அவர்கிட்ட குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேன். அவர் பை கரெக்டா ஏழு கிலோவாம்."

யாரிடமோ சொல்வதுபோல, "நான் தையக்காரிம்மா. பை பத்தலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பத்து நிமிஷ வேலை" என்றார்.

ஆறாம் நாள் குழந்தை பிறந்தது. பையன். ரவிக்கை வாங்கும் சாக்கில் மேலே போயிருந்தேன். ஸ்பீக்கரில் மகள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று புரியவில்லை.

"அப்பா அந்தக் கெட்டிலைச் சொருகி வீட்டுல ஃப்யூஸே போயிடுச்சும்மா. ஆஸ்பத்திரியில கழுத்துத் தலையணையைப் போட்டுட்டு உக்காந்தவர்தான், டாக்டர் வந்து எழுப்ப வேண்டியதாப் போச்சு." பிறகு குரல் இறங்கியது. "வந்துருவேன்னு சொன்னியேம்மா."

அக்காவின் கால் மெஷின் பெடலில் அப்படியே நின்றது.

ஒரு மாதம் கழித்து சார் வந்தார், விமானத்தில் தூங்கக் கொடுத்த கண்பட்டியோடு. புதுப் பாஸ்போர்ட் லேசில் கிடைக்கவில்லை. பழையது எப்படிச் சேதமானது என்று விளக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடவேண்டுமாம். டைப் அடிக்க என்னிடம்தான் வந்தார்கள்.

"எலி கடிச்சதுன்னு போடும்மா" என்றார் சார்.

"ஸ்கேல் வெச்சா கடிச்சுது எலி?" என்றார் அக்கா. "கணவர் வெட்டினார்னு போடு."

"படிக்கிறவன் என்னைப் பத்தி என்னடி நினைப்பான்?"

"நினைக்கட்டும். அதையாவது ஓரம் தட்டாம விடுங்க."

அக்கா சொன்னபடியே அடித்தேன். சார் கையெழுத்துப் போட்டார், கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி, சின்னதாக.

அதற்கப்புறம் விசாரணை, மறுபடி விசாவுக்கு வரிசை. புதுப் பாஸ்போர்ட்டும் விசாவும் அக்கா கைக்கு வந்தபோது பேரனுக்கு ஆறு மாதம். அதற்குள் மகளின் மாமியார் போய் அந்த ஒரே உபரி அறையில் இறங்கியிருந்தார். "இப்ப இடமில்லம்மா, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றாள் மகள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பாஸ்போர்ட்டை நகலெடுக்க அக்கா கொண்டுவந்தபோது தலையணை உறை அளவுக்கு ஒரு துணிப்பை தைத்திருந்தார். உள்ளே பாஸ்போர்ட் தனியாக உருண்டுகொண்டிருந்தது. என் கையில் தரவில்லை. அவரே கண்ணாடிமேல் விரித்து வைத்தார்.

"அந்த வெட்டுற மெஷின் உன்னுதுதானேம்மா?"

"ஆமாக்கா" என்றேன்.

"எட்ட வை" என்றார். அவ்வளவுதான்.

போன வாரம் மேலே போனேன். பொட்டலத்தைப் பிரித்து, பன்னிரண்டு சட்டைகளையும் மடியில் போட்டுக்கொண்டு அக்கா தையல் பிரித்துக்கொண்டிருந்தார். மாதாமாதம் மகளிடம் பேரன் அளவைக் கேட்டு, உள்ளே விட்ட துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வருகிறாராம். சார் தராசோடு வந்து நின்றார்.

"எல்லாம் சேர்ந்து அரைக் கிலோகூட இல்ல. பார்சல்ல அனுப்பிடலாமே?"

"நான் போட்டுவிடறதுக்குத் தைச்சதுங்க."

கடைசிச் சட்டையின் ஓரத்தை என்னிடம் நீட்டிக் காட்டினார். மடிப்பு முழுவதும் பிரிந்து, பழைய ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன.

"இனிமே இறக்கறதுக்குத் துணி இல்லம்மா" என்றார்.