காயம் எதனால்

மாமியாரின் இடது கன்னத்தைப் படம் எடுத்தாயிற்று. வலது கன்னத்தைக் காட்டுவேனா என்று அவள் அடம் பிடித்தாள். பாறை இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு, பின்பக்கத்தை மட்டும் தையல்காரியிடம் நீட்டினாள். மாமியார் என்பது ஆமை. குழம்பில் யாரோ உப்பை அள்ளிக் கொட்டிவிட்டதுபோல எந்நேரமும் முறைக்கிற அந்த மூஞ்சிக்கு வேறு எந்தப் பெயரும் பொருந்தாது என்று நர்ஸ்தான் வைத்தாள். நர்ஸ், தையல்காரிக்கு நாத்தனார், புருஷனின் தங்கை. போய்ச் சேர்ந்துவிட்ட நிஜ மாமியாரின் சொந்த மகளே அப்படிப் பெயர் வைத்தபிறகு யார் கோபித்துக்கொள்ள முடியும்?

இரண்டு பேரும் மூன்று வருடமாக ஞாயிறுதோறும் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இந்தக் குடாவில் இறங்குகிறார்கள். சம்பளமில்லாத வேலை. ஆமைகளுக்கு நம் கைரேகை மாதிரி கன்னத்துச் செதில். ஒன்றின் அமைப்பு இன்னொன்றுக்கு வராது. இரண்டு கன்னத்தையும் படம் பிடித்து, இடம், ஆழம், நேரம் எல்லாம் குறித்து அனுப்பினால், எது உயிரோடு இருக்கிறது, எது காணாமல் போயிற்று என்று ஆய்வு நிலையத்தில் கண்டுபிடிப்பார்கள். அங்கே கம்ப்யூட்டர் யோசித்து முடிப்பதற்குள் தையல்காரி சொல்லிவிடுவாள். பதினெட்டு வருடமாகத் துணி வெட்டுகிற கண் அது. படிவத்தின் கடைசியில் காயத்துக்கு ஒரு வரிசை உண்டு. புதிதா, பழையதா? எதனால்? அதற்கு நான்கு கட்டங்கள்: வலை, தூண்டில், படகு விசிறி, தெரியவில்லை.

இன்று மாமியாரின் ஓட்டில் நான்கு வெட்டுகள். ஒரே சாய்வில், ஒரே இடைவெளியில், அளந்து கத்தரி வைத்ததுபோல. நான்காவது வெட்டு ஓட்டைத் தாண்டி வலது தோளில் இறங்கி, சதை வெள்ளையாகப் பிளந்து கிடந்தது. அந்த ஆழத்தில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது; பச்சைப் புகைபோல எழுந்து கலைந்துகொண்டிருந்தது. வரும்போது படகுக்கு அடியில் 'டொக்' என்று கேட்டதை மூன்று பேருமே கேட்டார்கள். ஆமைகளுக்காகக் குடாவில் கட்டியிருக்கிற எல்லை மிதவைகளுக்கு உள்ளே படகு மெதுவாகத்தான் வர வேண்டும். அவள் புருஷன் படகுக்காரன் என்றைக்கு மெதுவாக வந்தான்? "கட்டை" என்றான். மூன்று பேரில் ஒருத்தர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் படிவத்தை அச்சடித்த, நீருக்கடியில் எழுதுகிற வெள்ளைப் பலகை நர்ஸிடம் இருந்தது. 'புதியது' என்பதில் குறி போட்டாள். அடுத்த வரிசைக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. நர்ஸுக்கு அது பழக்கம். போன வருடம் தையல்காரி மூன்று விரல் வீங்கி ஆஸ்பத்திரிக்கு வந்தபோதும், அதற்குப் பிறகு விலா எலும்பு விரிசலோடு வந்தபோதும், சீட்டில் இதே மாதிரி ஒரு இடத்தில் பேனா நின்றது. இரண்டு தடவையும் 'படிக்கட்டில் வழுக்கி விழுந்தார்' என்று தன் கையால் எழுதினாள். அண்ணன் வீட்டில் படிக்கட்டே கிடையாது. அது இரண்டு பேருக்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. தையல்காரி பென்சிலைப் பிடுங்கினாள். 'படகு விசிறி' என்ற கட்டத்தில், பலகை கீறுகிற அளவுக்கு அழுத்திக் குறி போட்டாள். கண்ணாடிக்குள்ளிருந்து நர்ஸ் அவளைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. ஆனால் பலகையை அவள் திரும்பப் பிடுங்கவில்லை.

மேலே வந்து படகில் ஏறி, சிலிண்டரையும் இடுப்பில் கட்டியிருந்த ஈயப் பட்டையையும் கழற்றி வைப்பதற்குள் படகுக்காரன் பலகையை எடுத்துவிட்டான். ஆய்வு நிலையத்தில் அவனை ஏற்கெனவே இரண்டு முறை எச்சரித்திருந்தார்கள். இன்னொரு ஆமை அவன் விசிறியில் அடிபட்டால், இந்தக் குடாவுக்குள் அவன் படகு நுழையவே முடியாது.

"அழி."

"மாட்டேன்."

"தெரியலைன்னு போடு. எப்பவும் அதைத்தானடி சொல்லுவ?"

சொன்னது என்னவோ உண்மைதான். பக்கத்து வீட்டில் கேட்டால் தெரியாது, பெற்ற அம்மா கேட்டால் தெரியாது, ஆஸ்பத்திரியில் கேட்டால் படிக்கட்டு. பத்து வருடமாக அவள் வாயில் அந்த ஒரு பதில்தான். ஆனால் இப்போது கண்ணை மூடினாலும் திறந்தாலும் அந்தப் பச்சைப் புகைதான் தெரிந்தது.

"தெரியும்ங்க. நீங்கதான். எனக்கு நல்லாத் தெரியும்."

அவன் குனிந்தது பலகையை வைக்கத்தான் என்று நர்ஸ் நினைத்தாள். நிமிர்ந்தபோது கையில் ஈயப் பட்டை. கட்டி கட்டியாக ஈயம் கோத்த அந்தப் பட்டை சுழன்று வந்து தையல்காரியின் இடது கன்னத்தில் விழுந்தது. ஈரத் துணியைக் கல்லில் அடிக்கிற சத்தம். அவள் வாயிலிருந்து ஒரு பல்லும் நூலாக ரத்தமும் தெறித்துப் படகின் வெள்ளைத் தரையில் விழுந்தன. இந்தத் தடவை ரத்தம் நல்ல சிவப்பு. அவள் எழுந்திருப்பதற்குள் முடியைப் பிடித்து இழுத்து, முகத்தைப் படகின் விளிம்பில் மோதினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு கேமராவை எடுத்துக் கடலில் வீசினான்.

"அண்ணா!" என்று கத்தினாள் நர்ஸ். கத்தியது மட்டும்தான், கால் நகரவில்லை. அடுத்த நாள் வீக்கத்தைத்தான் இதுவரை பார்த்திருக்கிறாள். அடி விழுவதை இன்றுதான் பார்க்கிறாள்.

கேமராவின் கழுத்தில் மஞ்சள் மிதவை கட்டியிருந்தது. அது மூழ்காமல் படகின் பின்பக்கமாக மிதந்து போயிற்று. தையல்காரி ஒரு நொடி அதைப் பார்த்தாள், குதித்துவிட்டாள். மூன்று வருடத்துக் கன்னங்களில் கடைசிக் கன்னம் அதற்குள் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், நாளைக்கு ஒரு படிக்கட்டைத் தேட வேண்டும்.

படகுக்காரன் எஞ்சினைக் கிளப்பினான்.

"அண்ணா, அண்ணி பின்னாடி இருக்காங்க!"

"இருக்கட்டும்" என்றான். பின்னோக்கிப் போகிற கியரைத் தட்டினான்.

விசிறி தண்ணீரை வாரி நுரையாக்கியது. நுரைக்கு அந்தப் பக்கம், ஒரு கை தூரத்தில், அண்ணியின் தலை. நர்ஸ் எப்படிப் பாய்ந்தாள் என்று அவளைக் கேட்டாலும் சொல்லத் தெரியாது. ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் எஞ்சின் நிற்க வேண்டும் என்று ஒரு சிவப்புச் சுருள் கயிறு உண்டு. அதைப் பிடித்து ஒரே இழுப்பு. எஞ்சின் இருமி அடங்கியது. அவன் திரும்பி அவளை அறைந்தான். அம்மா செத்த அன்றைக்கு மடியில் போட்டுத் தேற்றிய அதே கை. இரண்டாவது அறை விழுவதற்குள் அவள் ஈயப் பட்டையை எடுத்துவிட்டாள். நர்ஸ் அல்லவா, எந்த எலும்பு எந்த இடத்தில் மெலிது என்று மனப்பாடம். சாவிப் பக்கமாக அவன் நீட்டிய மணிக்கட்டின் மேல் ஈயத்தை இறக்கினாள். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. மறுபடியும் இறக்கினாள். அதற்குத் தேவை இருந்ததா என்றால், இல்லை. சாவியைப் பிடுங்கி உடைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அடிப்பாவி, உன் அண்ணன்டி நான்" என்று அவன் படகின் மூலையில் சுருண்டு கையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதான்.

"தெரியும்" என்றாள்.

தையல்காரி ஏணியைப் பிடித்து ஏறினாள். கேமரா மணிக்கட்டில் தொங்கியது. நர்ஸ் அவளை உட்கார வைத்துப் பஞ்சை எடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, பஞ்சைக் கீழே வைத்துவிட்டுக் கேமராவைக் கழற்றி எடுத்தாள்.

"அண்ணி, துடைக்கிறதுக்கு முன்னாடி இடது பக்கம் காட்டுங்க."

கிழிந்து தொங்கிய கன்னத்தைத் தையல்காரி வெயிலுக்குத் திருப்பினாள். கிளிக்.

"வலது பக்கம்."

அதையும் காட்டினாள். நர்ஸ் பலகையில் மாமியாருக்குக் கீழே ஒரு புதுக் கோடு போட்டாள். இடம். நேரம். காயம்: புதியது. 'எதனால்' என்ற வரிசைக்கு வந்தபோது, நான்கு கட்டங்களில் எதுவும் உதவவில்லை.

"சொல்லுங்க அண்ணி. எழுதுறேன்."

"நீ குடு. நான் எழுதுறேன்."

பலகையின் ஓரத்தில், கட்டங்களுக்கு வெளியே, அவள் எழுத ஆரம்பித்தாள். தாடையிலிருந்து ரத்தம் சொட்டு சொட்டாக எழுத்தின் மேல் விழ, புறங்கையால் துடைத்துத் துடைத்து எழுதினாள். முதல் எழுத்திலேயே பென்சில் முனை உடைந்தது. நர்ஸ் அடுத்த பென்சிலை நீட்டினாள். அசையாமல் நின்ற விசிறிக்குப் பக்கத்தில், வெட்டுப்பட்ட ஓடு ஒன்று மேலே வந்து, புஸ்ஸென்று மூச்சு விட்டு, வலது கன்னத்தைக் காட்டியபடி மிதந்தது.